நாற்பத்தொரு வாட்

கார்த்திகை மழை போடிமெட்டுச் சரிவுகளை விடாது நனைத்துக்கொண்டிருந்தது. முகில் தவழும் அம்மலையில் ஏலத்தோட்டம் வைத்திருந்த ஈஸ்வரிக்கு ஒரு தொண்டு இருந்தது. கோயில்தோறும் ஓதுவார்கள் பாடிய பதிகங்களைப் பத்தாண்டுகளாகப் பதிவுசெய்து, ஒரு பழைய கணினியில் சேர்த்துவைத்திருந்தாள். இரவும் பகலும் அணையாத அந்தச் சர்வரிலிருந்து, வைகறை ஐந்து மணிக்குப் போடியின் நாற்பத்திரண்டு வீடுகளுக்கு அன்றன்றைய பதிகம் கைப்பேசி வழியே சென்று ஒலிக்கும்.

இப்போது அதற்கு இடையூறு வந்திருந்தது. மாலையில் போகும் மின்சாரம் விடிந்த பிறகே திரும்பியது. இன்வெர்ட்டர் பேட்டரியின் இருப்பையெல்லாம் சர்வர் நள்ளிரவுக்குள் தீர்த்துவிடும். வீட்டு விளக்கும் உடன் அணையும். மூன்று நாளாகப் பதிகம் போகவில்லை.

"நாளைக்கு மார்கழி பொறக்குது," என்றார் கணவர் விஜயபாண்டி. "இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள அது தின்கிற கரண்டு பாதியாக் கொறையணும். இல்லேன்னா நானே பிளக்கப் புடுங்கிருவேன். ராத்திரி எந்திரிச்சாச் சுவத்துல முட்டிக்கிட்டுத் திரியிறேன்."

ஈஸ்வரி, போடியில் இன்வெர்ட்டர் பழுதுபார்க்கும் தன் நாத்தனார் சந்திரவல்லியைப் போனில் அழைத்தாள். அவளும் காலை ஜீப்பிலேயே ஏறி, மின்சாரம் அளக்கும் மீட்டரோடு வந்து இறங்கினாள்.

"எங்க மதினி இருக்கு அது?"

"ஸ்டோர்ல."

ஏலக்காய் உலர்த்தும் அந்த அறையின் கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அறைந்தது. தட்டுத் தட்டாகக் காய் பரப்பியிருக்க, மூலையில் சர்வர் தன் விசிறிகளை வெறிகொண்டு சுழற்றிக்கொண்டிருந்தது.

"ஏண்ணே, இதையும் காயவச்சு ஏலத்துக்கு அனுப்பப் போறீகளா?"

"சிரிக்காத ஆத்தா," என்றார் விஜயபாண்டி. "இந்த மலையில பூஞ்சை புடிக்காத எடம் இது ஒண்ணுதான். ஓம் மதினி பாட்டு நனஞ்சிறக் கூடாதுன்னு நான்தான் தூக்கிட்டு வந்து வச்சேன்."

"காயிக்குச் சூடு வேணும்ணே. கம்ப்யூட்டருக்கு ஆகாது."

மீட்டர் எண்பத்திரண்டு வாட் காட்டியது. அது நாற்பத்தொன்றாக வேண்டும்.

சர்வரைக் குளிர்ந்த வடக்கறைக்கு மாற்றி, விசிறிகளில் அடைந்திருந்த ஏலத்தூசியைத் துடைத்தார்கள். எழுபத்துநான்கு. உள்ளேயிருந்த ஒரு பெரிய கார்டைச் சந்திரவல்லி கழற்றினாள்.

"இது கேம் வெளையாடுறவுக போடுறது. பாட்டுக்கு எதுக்கு மதினி?"

"பழசா வாங்கையில அதோடதான் குடுத்தாக. எனக்கு என்ன தெரியும்?"

ஐம்பத்தாறு. மூன்று பழைய டிஸ்க்குகளில் கிடந்த பதிகங்களைச் சந்திரவல்லி கொண்டுவந்த புதிய டிஸ்க் ஒன்றில் சேர்த்து, பழையவற்றைக் கழற்றினார்கள். அதற்கு மாலை வரை ஆயிற்று. நாற்பத்தாறு. அதன்பின் எண் அசையவில்லை.

விஜயபாண்டி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மீட்டர் எதிரே குந்தினார். மேற்கே வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது.

"நாப்பத்தாறு ஒரு தரம்..." என்றார் உற்சாகமாக.

சந்திரவல்லி திரையைக் கூர்ந்து பார்த்தாள். "மதினி, அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்காப் புதுப் பாட்டு வந்திருக்கான்னு தேடச் சொல்லியிருக்கீக. அப்புறம் டிஸ்க்கு எப்படித் தூங்கும்?"

"நாப்பத்தாறு ரெண்டு தரம்..."

"பாடி அனுப்புற ஓதுவாருகளைக் காக்க வைக்கலாமா வல்லி?" என்றாள் ஈஸ்வரி. ஒரு பதிகம் வாசலில் நிற்கத் தான் கதவை அடைத்திருப்பதா என்பது அவள் கலக்கம்.

"அவுக வாரத்துக்கு ஒண்ணு அனுப்புறாக. நாளுக்கு ஒருக்காத் தேடுனாப் போதும்."

"ரெண்டு வேளை. சாமிக்கே ரெண்டு வேளை தீவாரணை காட்டுறோம்."

"சரி, ரெண்டு."

கட்டளையை மாற்றினாள். சற்று நேரத்தில் டிஸ்க்கின் முனகல் ஓய்ந்தது. மூன்றாம் தரம் சொல்லத் திறந்த வாயோடு விஜயபாண்டி மீட்டரையே பார்த்தார். முப்பத்தொன்பது.

"அட!" என்றார். "பாதிக்கும் கீழ போயிருச்சே."

அன்று மாலையும் மின்சாரம் போயிற்று. மறுநாள் வைகறை ஐந்து மணிக்கு, இன்னும் மின்சாரம் வராத அவ்வீட்டிலிருந்து மார்கழியின் முதல் பதிகம் மலையிறங்கிச் சென்றது. ஈஸ்வரியின் கைப்பேசியில் போடியிலிருந்து ஒவ்வொன்றாய் வணக்கங்கள் வந்து விழுந்தன. விளக்கெரியும் கூடத்துக்கு விஜயபாண்டி இரண்டு தம்ளர் காப்பியோடு வந்தார்.

"பேட்டரில இன்னும் மிச்சமிருக்கு," என்றார். "கொஞ்சம் சத்தமா வையி. நானும் கேக்கறேன்."