கண்ணுக்குள் காற்று

எங்கள் ஊரில் யாராவது "மலைக்குப் போகிறேன்" என்று சொன்னால், அவர் சுற்றுலா வந்தவர் என்று அர்த்தம். நாங்கள் மேகத்துக்கும் மேலே பேரிக்காய்த் தோட்டம் போட்டுக் குடியிருக்கிறோம். எங்களுக்கு இது மலை இல்லை, வீடு. மாவ்ஷெங்கை முட்டாள் என்று திட்டும் வாய்கள் ஊரில் நிறைய உண்டு. அவன் இடத்தில் இருந்திருந்தால் அந்த வாய்களும் அதையேதான் செய்திருக்கும்.

அவன் மனைவி சாய்லியெனுக்கு இடது கண் என்றோ போய்விட்டது. மிஞ்சிய வலது கண்ணிலும் விழித்திரை ஒட்டுவதும் கழல்வதுமாக இருந்தது. ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் தோட்டத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு, கீழே தைச்சுங் நகரத்தில் சந்தைக்குப் பின்னால் அறை எடுத்து, மாவ்ஷெங்தான் உடன் இருப்பான். காயம் ஆற வேண்டுமென்று மூன்று வேளையும் இஞ்சி போட்ட மீன்சாறு.

"இன்னும் ஒரு ஆபரேஷன் நடந்தா எனக்குச் செவுள் முளைச்சிடும், கிழட்டுக் குரங்கே," என்பாள் அவள். எங்கள் ஊர்ப் பெண்கள் புருஷனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"முளைக்கட்டும். சந்தையில நல்ல விலை போவே."

முந்தைய தடவைகளில் விழித்திரையை அழுத்திப் பிடிக்கக் கண்ணுக்குள் எண்ணெய் நிரப்பியிருந்தார்கள். அந்த எண்ணெயோடு அவள் ஊருக்கு வந்து போனாள், ஒன்றும் ஆகவில்லை. இந்த முறை எண்ணெயை எடுத்துவிட்டுக் காற்றை அடைத்தார்கள். நர்ஸ் அழுத்திச் சொன்னாள்: "தலை குனிஞ்சே இருக்கணும். ப்ளேன்ல ஏறக் கூடாது. உயரமான எடத்துக்கும் போகக் கூடாது."

மாவ்ஷெங் சிரித்துவிட்டான். "நாங்க எங்கம்மா ப்ளேன்ல ஏறப் போறோம்! இவ தோட்டத்து ஏணியில ஏறாம நான் பாத்துக்கறேன்."

அவனுக்குத் தெரிந்த உயரம் அதுதான்.

அந்த அறையில் அவள் நாள் முழுக்கக் குப்புறக் கிடந்தாள். அவன் தரையில் மல்லாந்து படுத்து, உறிஞ்சு குழாயை அவள் வாயில் வைத்துச் சாறு கொடுத்தான். ஒரு நாள் அவன் எழுந்து நடந்தபோது அவள் சட்டென்று சொன்னாள்: "ஐயே, கால் நகத்தை வெட்டுய்யா. பருந்து மாதிரி வெச்சிருக்கே."

மாவ்ஷெங் அப்படியே நின்றுவிட்டான். பிறகு அழுதான். நகம் தெரிகிறதென்றால் பார்வை வருகிறது. தம்பிக்குப் போன் போட்டு அதைத் திரும்பத் திரும்பச் சொன்னான்.

"பேரி பூத்திருக்கும்," என்றாள் அவள். "இங்க குப்புறப் படுக்கறத வீட்டுல படுத்தா ஆகாதா? ஒரு தடவ பாத்துட்டு வந்துடலாம்."

அத்தனை நாள் குப்புறக் கிடந்தவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். மறுநாள் காலை அவன் நகத்தை வெட்டிக்கொண்டான். பின் சீட்டில் தலையணைகளை அடுக்கி அவளைக் குப்புறப் படுக்க வைத்தான். வழிக்கு ஒரு பொட்டலம் இறால் வறுவல் வாங்கி அவள் கையில் கொடுத்தான்.

பாதி வழி வரை பேச்சும் கிண்டலுமாகப் போனார்கள். அப்புறம் அவள் பேச்சு குறைந்தது. காது அடைக்கிறது, தலை சுற்றல்தான் என்றாள். கணவாயைத் தாண்டியதும் வாந்தி எடுத்தாள்.

"கண்ணு வெடிச்சிடும் போல இருக்குய்யா."

வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். அவள் கையில் இறால் வறுவல் பொட்டலம் உப்பிப்போய், தொட்டால் தெறிக்கும்போல் இருந்தது. மேலே ஏறினால் எந்தப் பொட்டலமும் உப்பும், எங்கள் ஊரில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். அடைத்து வைத்த காற்று. அவள் கண்ணுக்குள்ளும் அதுதான்.

வண்டியைத் திருப்பினான். கணவாய்க்குக் கீழே, மண்சரிவு அள்ளும் இடத்தில், வரும்போது திறந்திருந்த சாலைக் கதவு இப்போது சாத்தியிருந்தது. குறித்த நேரங்களில் மட்டும்தான் திறப்பார்கள். காவலுக்கு நின்றவரின் காலில் விழுந்தான். அவர் என்ன செய்வார் பாவம், பாதையை மறித்து மண் குவிந்து கிடந்தது. மண் அள்ளும் இயந்திரம் அதன் பாட்டுக்கு அள்ளிக்கொண்டிருந்தது. பின் சீட்டில் அவள் தலையணையைக் கடித்துக்கொண்டு முனகினாள். அவன் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தான். வேறு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

கதவு திறந்து கீழே இறங்க இறங்க வலி குறைந்தது. "இப்ப பரவால்ல," என்றாள். பொட்டலமும் தளர்ந்தது. அதைப் பார்த்து அவனுக்கு நம்பிக்கை வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் கண்ணில் விளக்கை அடித்தார். வலப்பக்கமா, இடப்பக்கமா என்று கேட்டார். அவளுக்கு விளக்கே தெரியவில்லை. காற்று உப்பி, கண்ணுக்குப் போகும் ரத்தத்தை நெருக்கிவிட்டது, நேரம் கடந்துவிட்டது என்றார்.

மாவ்ஷெங் அவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் குனிந்து நின்றான். செருப்புக்கு வெளியே அவன் கால் நகங்கள் ஒட்ட வெட்டப்பட்டிருந்தன.

"இன்னொரு ஆபரேஷன் இருக்கா டாக்டர்?" என்று அவள்தான் கேட்டாள்.

"இல்லம்மா. பண்ணிப் பிரயோஜனம் இல்ல."

"உள்ள இருக்கற காத்து?"

"அது கொஞ்ச நாள்ல தானா கரைஞ்சிடும். அதுக்கப்புறம் நீங்க எங்க வேணா போகலாம்."

அவள் காற்றில் கையைத் துழாவி, அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"கேட்டியா கிழட்டுக் குரங்கே? இனிமே வீட்டுக்குப் போகலாமாம்."