கோடையில் மழைத்தட்டு

"அது இல்ல தம்பி, அது தூரத்துக்கு" என்று அவள் கொழுந்தன் கையிலிருந்த கண்ணாடியை வாங்கி மேசைமேல் வைத்தாள். "படிக்கற கண்ணாடி தலைமாட்டு அலமாரில இருக்கும் பாரு. கறுப்பு ஃப்ரேம்."

"இனிமே தூரம் என்ன, கிட்ட என்ன அண்ணி?"

"உனக்கு ஒண்ணுதான். அவருக்கு அப்படி இல்ல."

கொழுந்தன் போய் எடுத்துவந்தான். அவள் அதை வாயால் ஊதி, கடையிலிருந்து வந்த மஞ்சள் துணியால் துடைத்து, கூடத்தின் நடுவில் கிடத்தியிருந்த கணவரின் காதுகளில் மாட்டிவிட்டாள். கண்ணாடி மூக்கின்மேல் கொஞ்சம் இறங்கி உட்கார்ந்தது. அப்போதுதான் ஆள் அடையாளம் தெரிந்தது. காலையிலிருந்து வந்தவர்களில் நாலைந்து பேர் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, வீடு மாறி வந்துவிட்டோமோ என்று கீழே இறங்கி விசாரித்துவிட்டு மறுபடி ஏறி வந்திருந்தார்கள். கண்ணாடி இல்லாத கண்ணாடிக்காரரை அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை.

கீழே மூக்குக்கண்ணாடிக் கடை, மேலே வீடு. படிக்கிற கண்ணாடி கேட்டு வருகிறவர்களிடம் எழுத்து அட்டையைக் காட்டுகிற பழக்கம் அவரிடம் கிடையாது. ஒரு நாவலைத் திறந்து கையில் கொடுத்து, "இந்தப் பக்கத்தைப் படிங்க" என்பார். அந்தப் பக்கம் எப்போதும் வசமான ஒரு இடத்தில் முடியும். எழுத்து தெளிவாகத் தெரிகிறதா என்று கேட்டு, தெரிகிறது என்றதும் புத்தகத்தை மூடி வாங்கிக்கொள்வார். அப்புறமென்ன, ஃப்ரேம் லூசாக இருக்கிறது, காது வலிக்கிறது என்று ஆள் திரும்பி வராமல் இருக்க முடியாது. வந்தால் அடுத்த பக்கம். இப்படியே காதைப் பிடித்துக்கொண்டு ஒரு முழு நாவலை முடித்தவர்கள் உண்டு. நல்ல வியாபாரத் தந்திரம் என்று கடைவீதியில் பேசிக்கொண்டார்கள். மனுஷருக்குக் கதை பேச ஆள் வேண்டும், விஷயம் அவ்வளவுதான்.

கதை பேச வீட்டில் மனைவி இருந்தாள். ஆனால் அவளுக்கு அவர் வைத்த பெயர் விமர்சகி. தான் தலையில் வைத்துக் கொண்டாடும் நாவலை ஆசை ஆசையாக அவளிடம் கொடுப்பார். அவளும் அடுப்படியில் நின்றபடியே ஒரு வரி விடாமல் படித்து முடித்துவிட்டு, "ஒருத்தராவது இந்தப் பொண்ணுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டிருந்தா இந்தக் கதையே நடந்திருக்காது" என்பாள். பழைய காப்பியம் ஒன்றை அவர் நாள் கணக்கில் உட்கார்ந்து உரை சொல்லி விளக்கியபோது, "எல்லாம் சரி, ராஜா கொஞ்சம் விசாரிச்சுட்டுச் சாபம் வாங்கியிருக்கலாம்ல?" என்று கேட்டாள். இப்படி ஏதாவது சொன்னால் அவர் அன்று முழுக்கப் பேசமாட்டார். மறுநாள் அடுத்த புத்தகம் வரும். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. வருகிறவர் போகிறவரெல்லாம் விமர்சகியம்மா என்றுதான் கூப்பிட்டார்கள்.

விமர்சகி காலையிலிருந்து அழவில்லை. அழுகை வந்தது, நடுநடுவே யாராவது ஏதாவது சொல்லிக் கெடுத்தார்கள். இப்போதும் பஸ் டிரைவர் ஒருவர் சீருடையோடு வந்து, அவர் காலருகே தலைகுனிந்து நின்றுவிட்டு, அவளிடம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. போன மாசம் கண் காட்ட வந்தப்ப சார் ஒரு நாவலைப் படிக்கக் கொடுத்தார். அதுல ஒரு பொண்ணு பெட்டியும் கையுமா வாசப்படில நிப்பா. அதோட சார் மூடி வச்சுட்டார். போனாளா, இல்லையா?"

"போனா. போயிட்டுக் குடையை மறந்துட்டேன்னு திரும்பி வந்தா."

"திரும்பி வந்தாளா? அப்பறம்?"

விமர்சகி கணவரைப் பார்த்தாள். கறுப்பு ஃப்ரேமுக்குள் கண்கள் மூடியிருந்தன.

"அப்பறம்... இன்னொரு நாள் வாங்களேன்" என்றாள்.

டிரைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு படியிறங்கிப் போனார். அதைப் பார்த்து மகளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். வண்டி நாலு மணிக்கு வரும் என்று சொல்லியிருந்தார்கள். அதற்குள் என்னென்ன செய்யவேண்டும் என்று மகள் பேச்சை எடுத்தபோதுதான் தகராறு ஆரம்பித்தது.

"அம்மா, அப்பா கிளம்பும்போது அந்த மழைத்தட்டைப் போடலாம்மா."

கொழுந்தன் பதறிவிட்டான். "என்னம்மா நீ, அப்பாவோட பொண்ணு பேசற பேச்சா இது? வெளிய போய்ப் பாரு, வெயில் மண்டையைப் பிளக்குது. இந்த வெயில்ல மழைத்தட்டா?"

வீட்டு வழக்கம் தெரியாதவர்களுக்கு இது விளங்காது. கூடத்துச் சுவரில் நாலு நீளத் தட்டுகள் கொண்ட ஒரு புத்தக அலமாரி. இளவேனில், கோடை, மழை, குளிர் என்று தட்டுக்கு ஒரு காலம். இசைத்தட்டுகளும் நாவல்களும் அந்தந்தக் காலத்தில் கலந்து கிடக்கும். சொத்துக்கு அடித்துக்கொள்ளும் அண்ணன் தம்பி கதையெல்லாம் கோடைக்கு. அந்தப் புழுக்கம் இருந்தால்தான் அவர்கள் ஏன் அப்படிக் கத்துகிறார்கள் என்று புரியுமாம். யாரோ யாருக்காகவோ காத்திருக்கிற கதைகள் மழைக்கு. தலையணை தடிமன் நாவல்கள் குளிருக்கு. இசையிலும் அதே கண்டிப்பு. மழைக்கால ராகத்தை மழையில்தான் கேட்கவேண்டும். ஒருமுறை விமர்சகி நல்ல கோடையில் ஒரு குளிர்கால நாவலைச் சமையல் புத்தகத்தின் அட்டைக்குள் ஒளித்து வைத்துப் படித்தாள். எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். "அதானே பார்த்தேன், இந்தப் புழுக்கத்துல எதுக்குப் போர்வை கேக்கறேன்னு" என்றார்.

மகள் போடச் சொன்ன அந்த மழைத்தட்டு ஒரு பழைய கச்சேரியின் இசைத்தட்டு. வயதான ஒரு பெண்மணியின் குரல், பின்னால் ஒரு வயலின். வார்த்தையே இல்லாமல் வெகுநேரம் கீழேயே உலாவிவிட்டுத்தான் மேலே ஏறும். வானம் கறுத்தால் போதும், இவர் கடையை அப்படியே போட்டுவிட்டு மாடிக்கு ஓடிவருவார். முதல் துளி மண்ணில் விழுவதற்குள் ஊசி தட்டில் இருக்கவேண்டும். மழைச் சத்தத்துக்கு மேலே கேட்கவேண்டும் என்று ஒலிபெருக்கியை ஜன்னல் பக்கம் திருப்பி, முழுக்கத் திருகிவிடுவார். கீழே வாடிக்கையாளர் ஒற்றைக் கண்ணை மூடியபடி உட்கார்ந்திருப்பார். தெருவே நம்மைத் திட்டப்போகிறது என்று விமர்சகி ஒவ்வொரு மழைக்கும் சண்டை போட்டாள்.

"கோடைத் தட்டுல நல்லதா ஒண்ணு பாத்துப் போடலாம்" என்றான் கொழுந்தன்.

"எதை, அந்தக் குழலையா? அப்பாவே அதைக் கேட்டாத் தூங்கிடுவார்."

"இப்ப மட்டும் என்னம்மா?"

சொல்லிவிட்டு அவனே நாக்கைக் கடித்துக்கொண்டான். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. இருவரும் விமர்சகியைப் பார்த்தார்கள்.

போன வாரம் முழுவதும் படுக்கையில் இருந்தபடி அவர் கேட்டது ஒரே கேள்வி. மேகம் இருக்கா? அவள் ஜன்னலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு இல்லை என்பாள். வாய்விட்டு ஒருநாளும் கேட்காத மனுஷர் ஆசைப்படுகிறாரே என்று, "தட்டைப் போடட்டுமா? யார் வந்து கேக்கப்போறா?" என்றாள். வேண்டாம் என்று தலையசைத்தார். மழை இல்லாமல் அதைக் கேட்டால் பொய் சொல்கிற மாதிரி இருக்கும் என்றார். நேற்று சாயங்காலம்கூட அதே கேள்வி, அதே பதில். அவளுக்கு அப்போது அவர்மேல் வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. பிடித்த ஒன்றைக் கேட்காமலே போய்விட்டார். இனி அதைப் போட்டால் அவர் பேச்சை மீறியதாகும். போடாவிட்டால் அந்தக் குரல் இல்லாமலே அவரை அனுப்பவேண்டும். இரண்டையும் அவளால் தாங்க முடியவில்லை.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்பே வண்டி வந்துவிட்டது. ஆட்கள் மேலே ஏறிவந்து கூடத்து ஓரமாக நின்றார்கள். விமர்சகி எழுந்து அலமாரிக்குப் போனாள். மழைக்கான அடுக்கில் கைவிட்டு, அந்த இசைத்தட்டைத் தேடாமலே உருவி எடுத்தாள்.

"அண்ணி" என்றான் கொழுந்தன். அவன் குரலில் உண்மையாகவே பயம் இருந்தது. "அண்ணன் எழுந்து வந்து நிறுத்திடுவார் அண்ணி."

"வரட்டும். வந்து நிறுத்தட்டும். எனக்கும் அதான் வேணும்."

மகள் வந்து அம்மாவின் தோளைத் தொட்டாள். விமர்சகி உறையிலிருந்து தட்டை எடுத்து, கண்ணாடி துடைத்த அதே மஞ்சள் துணியால் தூசி தட்டி, சுழலவிட்டு ஊசியை வைத்தாள். அந்த வீட்டில் அவள் தன் கையால் அதைப் போட்டது அதுவே முதல் தடவை. கரகரவென்று கொஞ்சம் சத்தம், பிறகு அந்தப் பெண்மணி தொண்டைக்குள்ளிருந்து மெதுவாக ஆரம்பித்தாள். ஒலிபெருக்கி அவர் திருப்பி வைத்தபடியே ஜன்னலைப் பார்த்து இருந்தது. விமர்சகி குமிழை முழுக்கத் திருகினாள்.

கூடத்தில் இருந்த எல்லாரும், வண்டியோடு வந்தவர்கள் உட்பட, அவரைப் பார்த்தார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. இத்தனை நேரம் தடைப்பட்டிருந்த அழுகை அப்போது விமர்சகிக்கு வந்தது. அவள் அடக்கவும் இல்லை.

எதிர்வீட்டுத் தையல்காரம்மா காலையிலிருந்து சுவரோரமாக உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். சட்டென்று தலையை நிமிர்த்தினாள்.

"ஐயோ அக்கா, துணி" என்றாள். "தோ வந்துட்டேன்."

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பைக்கூடப் போடாமல் படிகளில் தடதடவென்று இறங்கி ஓடினாள். என்ன துணி, யார் துணி என்று யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. துக்கத்தில் புத்தி பிசகிவிட்டதோ என்று விமர்சகி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள்.

தெரு வெயிலில் வெள்ளையாகக் கிடந்தது. வானத்தில் பேருக்குக்கூட ஒரு மேகம் இல்லை. தையல்காரம்மா தன் மொட்டைமாடிக்கு ஓடிவந்து, கொடியில் கிடந்த ஜாக்கெட்டுகளை இரண்டு கையாலும் வாரிக்கொண்டிருந்தாள். அடுத்த மாடியில் தூக்கக் கலக்கத்தோடு ஒருத்தி வந்து போர்வையை உருவினாள். அதற்கும் அப்பால் ஒரு கிழவர், கொடியிலிருந்து வேட்டியைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். தெருக்கோடி வரைக்கும் மாடிகளில் தலைகள் தெரிந்தன, துணிகள் மறைந்தன. நேர்கீழே மெத்தைக் கடைக்காரர் நடைபாதையில் சாத்தியிருந்த மெத்தைகளை ஒவ்வொன்றாகக் கடைக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது மெத்தையை இழுக்கும்போது மேலே பார்த்தார். ஜன்னலில் விமர்சகியைக் கண்டதும் அவர் கை அப்படியே நின்றது.

"மன்னிச்சுக்குங்கம்மா" என்றார். "சார் பாட்டு கேட்டா கை தானாப் போயிடுது. மழை வருமான்னு ரேடியோல சொல்றதைவிட நாங்க இதைத்தான் நம்பறது."

மழை நாட்களில் அவளும் மாடிக்கு ஓடித் துணி எடுத்தவள்தான். சுற்றிலும் எல்லாரும் எடுப்பதைப் பார்த்திருக்கிறாள். மேகத்தைப் பார்த்துவிட்டு எடுக்கிறார்கள் என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தாள்.

அதற்குள் தையல்காரம்மாவுக்கு, பாட்டைப் போட்டது சார் இல்லை என்ற நினைவு வந்துவிட்டது. கை நிறையத் துணியோடு மாடியின் நடுவில் நின்று வானத்தைப் பார்த்தாள், பிறகு இந்த ஜன்னலைப் பார்த்தாள். துணியைத் திரும்பக் கொடியில் போடவில்லை. மற்றவர்களும் போடவில்லை. அந்தக் குரல் மேலே ஏறத் தொடங்கியிருந்தது. அவர்கள் அவரவர் மாடியில், அணைத்துப் பிடித்த துணிகளோடு, வெயிலில் அப்படியே நின்றார்கள். மெத்தைக் கடைக்காரர் மூன்றாவது மெத்தையையும் உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து நின்றார்.

பின்னால் ஆட்கள் அவரைத் தூக்கத் தயாரானார்கள். கொழுந்தன் தலைமாட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டு, கண்ணாடி நழுவாமல் ஒரு விரலால் பிடித்துக்கொண்டான். மகள் ஜன்னலருகே வந்து, "அம்மா, கிளம்பணும்மா" என்றாள்.

விமர்சகி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வரேன். நம்ம துணியும் மாடியில கிடக்கு" என்றாள். "நீ போய் எடுத்துட்டு வந்துடு. நனைஞ்சிடப்போகுது."

மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். மொட்டைமாடிப் படி ஏறினாள். திரும்பி வரும்போது அவள் கைகளில் வெயிலில் மொறமொறவென்று காய்ந்த துணிகள் இருந்தன. மேலாக அவருடைய இரண்டு சட்டைகள், தொட்டால் இன்னும் சூடாக.