வெர்ன் ஊற்றிய மழை

"அக்கா, இந்த வருஷம் பூத்துத் தள்ளிடுச்சு. வாசல்லேயே பாலை நட்சத்திரப் பூ. கால் வெக்க இடமில்ல."

சியாட்டிலில் போனைப் பிடித்திருந்த ஆர்டித் காலண்டரைப் புரட்டினாள். பிறகு, "மார்ச் கடைசியில வர்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

தம்பி வெர்ன் சொன்னது முழுப் பொய். அந்தக் குளிர்காலம் மொஹாவி பாலைவனத்தில் மண் நனைகிற மழையே விழவில்லை. ஆனால் அக்காவுக்கு அந்தப் பூ என்றால் உயிர். சுண்டுவிரல் நகம் அளவு வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள். தரையோடு தரையாகக் கிடக்கும். குப்புறப் படுத்தால்தான் சரியாகப் பார்க்க முடியும். வேறு எதைச் சொன்னாலும் அவள் வரமாட்டாள். அம்மா சாகக் கிடந்ததை எல்லாம் முடிந்த பிறகு சொன்னவன் அல்லவா அவன்! பத்து வருஷமாக அவள் அவன் முகத்தில் விழிக்கவில்லை. இருவருக்கும் வயதாகிவிட்டது, இன்னொரு பத்து வருஷத்தை யார் கண்டது?

முழுப் பூசணிக்காயைக்கூடச் சோற்றில் மறைத்துவிடலாம், காய்ந்த பாலைவனத்தை எதில் மறைப்பது? மனுஷன் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தான். குடிக்கிற தண்ணீரையே பிக்கப் வண்டியில் தொட்டி வைத்து ஊரிலிருந்து கொண்டுவருகிறவன், அதில் பாதியை ஹோஸ் பிடித்து வாசலில் பீய்ச்சினான். பக்கத்து நிலத்துக்காரன் ரோஸ்கோ வண்டியை நிறுத்தினான்.

"என்ன வெர்ன், பாலைவனத்தைக் குளிப்பாட்டுறியா?"

"உன் வேலையப் பாத்துட்டுப் போடா."

முளைத்தது. பச்சையைப் பார்த்ததும் வெர்னுக்குக் கண் கலங்கிவிட்டது. மார்ச் கடைசிக்குள் அது முழங்கால் உயரம் நின்றது. காட்டுக் கடுகு. எங்கிருந்தோ வந்து இந்த மண்ணைப் பிடித்துக்கொண்ட சனியன். பிடுங்கக் கை வைத்தபோது அக்காவின் வாடகைக் கார் வந்து நின்றது.

"எங்கடா பூ?"

"இல்லக்கா. பொய் சொன்னேன். தண்ணி ஊத்தினா வந்துடும்னு நெனச்சேன்."

"இந்தக் கடுகை அரைச்சு ஹாட் டாக்குக்கு வேணா தொட்டுக்கலாம்." அவள் சிரிக்கவில்லை. குனிந்து மண்ணைக் கிள்ளினாள். மேலே ஈரம், விரல் ஆழத்தில் பொடி. "விதையெல்லாம் உள்ளதான் கெடக்கு. நல்ல மழை பேஞ்சு மண்ணு ஊறினாத்தான் நம்பும். உன் ஹோஸுக்கெல்லாம் எழுந்து வராது. எனக்குத்தான் அந்தப் புத்தி இல்ல. ஒரு போன் பண்ணின, ஓடி வந்துட்டேன்."

கார்க் கதவு திறந்தே இருந்தது. பெட்டியை அவள் இறக்கவில்லை.

"பூ இல்லன்னா நீ வரமாட்டியேக்கா."

"நீ கூப்பிட்டாத்தானே தெரியும்? அம்மா போறப்பவும் கூப்பிடல, இப்பவும் கூப்பிடல. பூவைப் பத்தித்தான் பேசின."

வெர்ன் கடுகுச் செடிகளை மிதித்துக்கொண்டு அவள் அருகில் வந்தான். எதிரில் நின்றுகொண்டிருந்தவளைப் பார்த்து, "வாக்கா" என்றான்.

ஆர்டித் காருக்குள் குனிந்தாள்.

"இதை போன்லயே சொல்லியிருந்தா, தண்ணியாவது மிஞ்சியிருக்கும். பெட்டியப் புடி."