எழுபது நிமிடம் மூடியிருந்த அறை

1

இந்தக் கதை ஒரு வசவில் பிறந்தது. திட்டியவள் என் அக்கா. அவள் டாக்டர், பெரிய ஆஸ்பத்திரியில் நுரையீரல் பிரிவு. நான் அவள் தம்பி, கதை எழுதுகிறவன். கொள்ளைநோய் வந்த முதல் மாதம் ஒரு பத்திரிகையில் கதை எழுதியிருந்தேன். "கண்ணுக்குத் தெரியாத அரக்கன் நகரத்தின் கழுத்தை நெரித்தான்" என்று அதில் ஒரு வரி. அந்த வரியை மூன்று பேர் பாராட்டினார்கள். நாலாவதாக அக்கா போன் செய்தாள்.

"ஏன்டா, அரக்கன் எங்கடா வந்தான்? அதுக்குக் கையும் இல்ல, காலும் இல்ல. ஒருத்தர் மூச்ச விடறார், பக்கத்துல இருக்கறவர் இழுக்கறார். அவ்வளவுதான். நடந்து போறது நாமதான், அது இல்ல. அரக்கன்னு எழுதிட்டா யாருக்கும் பொறுப்பில்லன்னு ஆயிடும் பாரு."

"கதைன்னா கொஞ்சம் அப்படி இப்படி..."

"கதைன்னா பொய்யா? என் வார்டுல எப்படிப் பரவிச்சுன்னு எழுது. தைரியம் இருக்கா?"

இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அக்காவிடம் எந்தத் தம்பிதான் இல்லை என்று சொல்லியிருக்கிறான்? அவள் ஒரு நிபந்தனை போட்டாள். ஒவ்வொரு பகுதியையும் அவள் படிப்பாள், தப்பு இருந்தால் சொல்வாள், அவள் சொன்னதை நான் அழிக்கக் கூடாது. சதுர அடைப்புக்குள் வருகிற குரல் அவளுடையது. எனக்கு அதில் வருத்தம்தான். ஆனால் பேச்சு பேச்சுதான்.

2

முதல் தொடக்கம்: அன்று காலை மேகமூட்டமாக இருந்தது. டாக்டரின் மனத்திலும்

(நிறுத்திவிட்டேன். மேகத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?)

இரண்டாம் தொடக்கம்: உலகமே வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த அந்த நாட்களில், வெள்ளுடை தரித்த தேவதைகள்

["தேவதை கீவதைன்னு எழுதினே, தொலைச்சுடுவேன். தேவதைக்குத் தலைவலி வராது. எனக்கு வந்துது. அங்கேருந்து ஆரம்பி."]

மூன்றாம் தொடக்கம்: திங்கட்கிழமை காலை டாக்டருக்குத் தலை வலித்தது.

இது இருக்கட்டும்.

தலை வலித்தது. தொண்டையில் லேசாக ஒரு கரகரப்பு. பன்னிரண்டு நாட்களாக விடுப்பே இல்லாமல் வேலை செய்கிறவளுக்குத் தலை வலிக்காமல் என்ன செய்யும் என்று டாக்டர் நினைத்தாள். ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்குப் போனாள். முந்தின நாள்தான் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரை, "லேசா தும்மினாக்கூட வீட்ல இருங்க சார், உங்களால நாலு பேர் படுக்கணுமா?" என்று விரட்டியிருந்தாள். ஊருக்குத்தான் உபதேசம். டாக்டர்கள் நோயைப் பார்க்கிறவர்கள், அதனால் நோய் தங்களைப் பார்க்காது என்று ஒரு நம்பிக்கை அந்தத் தொழிலிலேயே ஊறிக் கிடக்கிறது.

["ஆமா. அதை அப்படியே வை."]

3

அன்று மதியம் ஒரு வகுப்பு. வார்டிலிருந்து வெளியே வந்ததும் பாதுகாப்பு உடையை எப்படிக் கழற்றுவது என்று நர்சுகளுக்கு டாக்டர் சொல்லிக் கொடுக்க வேண்டும். முதலில் வெளிக் கையுறை, பிறகு மேலங்கி, வெளிப்பக்கம் உள்ளே போகும்படி சுருட்ட வேண்டும், பிறகு உள் கையுறை, கடைசியில்தான் முகக்கவசம். ஒவ்வொரு படிக்கும் நடுவே கை கழுவ வேண்டும்.

இடம், வார்டுக்குப் பின்னாலிருக்கும் ஓய்வறை. ஒரு நீள மேஜை, பத்து நாற்காலி, ஒரு ஜன்னல். வார்டுக் காற்று உள்ளே வந்துவிடக் கூடாது என்று அந்த ஜன்னலை ஓரமெல்லாம் டேப் ஒட்டி அடைத்திருந்தார்கள். ஒட்டச் சொன்னதே டாக்டர்தான். சுவரில் ஒரு காற்றுப்போக்கி விசிறி உண்டு. அது கடகடவென்று சத்தம் போடும் என்று நிறுத்தி வைத்திருந்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டு டாக்டரும் ஒன்பது நர்சுகளும் எழுபது நிமிடம் உட்கார்ந்திருந்தார்கள்.

பத்தாவது நிமிடத்தில் பின்னாலிருந்து ஒருவர், "கேக்கல டாக்டர், மாஸ்க்க இறக்கிட்டுச் சொல்லுங்க" என்றார். டாக்டர் இறக்கினாள்.

(கேட்டது யார் என்று அக்காவிடம் கேட்டேன். சொன்னாள். பெயரையும் எழுதினேன்.)

["அடி அதை. யார் கேட்டாங்கங்கறது முக்கியமில்ல. இறக்கினது நான்."]

(அடித்துவிட்டேன்.)

பாதுகாப்பாகக் கழற்றுவது எப்படி என்று ஒரு டாக்டர் மாஸ்க்கை இறக்கிவிட்டு அறுபது நிமிடம் உரக்கப் பாடம் நடத்தினாள். இதை நான் கற்பனை செய்து எழுதியிருந்தால் நீங்கள் நம்பியிருக்க மாட்டீர்கள்.

பின்படிக்கட்டில், திறந்த வெளியில், ஒரு பெண் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வார்டைப் பெருக்கித் துடைக்கிறவள். வேலையில் அவ்வளவு வேகம், அதனால் எல்லோரும் அவளை மின்னல் என்றுதான் கூப்பிடுவார்கள். அவளை வகுப்புக்குக் கூப்பிடவில்லை. அந்த மேஜையில் உட்கார்ந்து சாப்பிடவும் அவளை விட்டதில்லை. குப்பையைத் தொடுகிறவள், எதையாவது கொண்டுவந்துவிடுவாள் என்று பேச்சு. வகுப்பு முடிந்து எல்லோரும் எழுந்து போனதும் அவளைக் கூப்பிட்டு அறையைத் துடைக்கச் சொன்னார்கள். கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் துடைத்தாள்.

4

(இங்கே கொஞ்சம் அறிவியல். அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம் என்று எழுதியிருந்தேன்.)

["யாரும் தாண்டக் கூடாது. இதுதான் கதையே."]

பேசும்போது வாயிலிருந்து துளிகள் தெறிக்கின்றன. பெரிய துளி இரண்டு முழம் போவதற்குள் கீழே விழுந்துவிடும். அதற்குத்தான் தள்ளி நில், கை கழுவு என்பதெல்லாம். சின்னத் துளி விழாது. மூடிய அறையில் ஒருவர் சிகரெட் பிடித்தால், மறுகோடியில் இருப்பவருக்கும் வாடை வரும். பிடித்தவர் எழுந்து போன பிறகும் அரை மணி நேரம் அறையிலேயே நிற்கும். இதுவும் அதே போலத்தான். ஜன்னலைத் திறந்தால் போய்விடும். டேப் ஒட்டியிருந்தால் எங்கே போகும்?

இன்னொன்று. ஒருவர் சராசரியாக மூன்று பேருக்குக் கொடுப்பார் என்று செய்தியில் சொல்வார்கள். அக்கா அதைக் கேட்டால் டிவியை அணைத்துவிடுவாள்.

"ஆளுக்கு மூணு பேருன்னு பந்தி பரிமாறுதா அது? பத்துல ஏழு பேர் யாருக்குமே கொடுக்கறதில்ல. யாரோ ஒருத்தர், மூடின ரூம்ல, சத்தமாப் பேசறவர், நோய் ரொம்ப ஒட்டற அந்த ரெண்டு மூணு நாள்ல, கும்பலுக்கே கொடுத்துட்டுப் போயிடுவார். அந்த ஒருத்தர் கெட்டவர்னு அர்த்தமில்ல. ஆனா யாருன்னு தெரிஞ்சா சொல்லணும்."

வியாழக்கிழமை ஒரு நர்சுக்குக் காய்ச்சல். வெள்ளிக்கிழமை மின்னலுக்கும் இரண்டு நர்சுகளுக்கும். சனிக்கிழமை இன்னும் மூவருக்கு. ஒன்பது பேரில் ஆறு பேர் படுத்தார்கள், மின்னலோடு ஏழு. ஞாயிற்றுக்கிழமைதான் டாக்டருக்குப் பரிசோதனை செய்துகொள்ளத் தோன்றியது. அவளுக்கும் இருந்தது.

ஐந்து நர்சுகள் தேறினார்கள். மூத்த நர்ஸ் தேறவில்லை. டாக்டர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஊசி போடும்போது கை நடுங்கியதைப் பார்த்து, "பயப்படாத கண்ணு, வலிக்கப்போறது உனக்கில்லல்ல" என்று சிரிக்க வைத்த மனுஷி. காய்ச்சல் வந்த பத்தொன்பதாம் நாள் போய்ச் சேர்ந்தார். டாக்டர் அப்போது அடுத்த கட்டடத்தில் படுக்கையில் கிடந்தாள். போய்ப் பார்க்கவும் முடியவில்லை.

(இங்கே துக்கத்தைப் பற்றி ஒரு நல்ல பத்தி எழுதினேன். படித்துவிட்டு அக்கா எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். பத்தியை எடுத்துவிட்டேன்.)

5

டாக்டர் தேறி வந்தபோது அறிக்கை தயாராக இருந்தது. ஆஸ்பத்திரியின் தலைவர் எழுதியது. அவரை எல்லோரும் பெரிய டாக்டர் என்பார்கள். கெட்டவர் இல்லை. (அவரை வில்லனாக்க மூன்று முறை முயன்றேன். மனிதர் பிடி கொடுக்கவில்லை.) ஊழியர்களுக்கு நோயைக் கொண்டுவந்தவர் "பெரும்பாலும் துப்புரவுப் பணியாளர்" என்று அதில் இருந்தது. நெரிசலான தெருவில் குடியிருப்பவர், கழிவுகளைக் கையாள்பவர், பயிற்சி பெறாதவர். இணைப்பாக ஓர் அட்டவணை. அதில் முதல் வரிசையில் மின்னல்.

டாக்டர் அட்டவணையை மேலும் கீழும் பார்த்தாள்.

"சார், இது ரிசல்ட் வந்த தேதிப்படி அடுக்கியிருக்கு."

"ஆமா."

"மின்னலுக்குத்தான் எல்லாருக்கும் முன்னாடி டெஸ்ட் எடுத்தாங்க. அவங்க மேலதானே முதல்ல சந்தேகம் வரும்? அதனால ரிசல்ட்டும் முதல்ல வந்துது. காய்ச்சல் வந்த தேதிப்படி அடுக்குங்க. வியாழக்கிழமை நர்ஸ். வெள்ளிக்கிழமைதான் மின்னல். எல்லாருக்கும் முன்னாடி, திங்கட்கிழமை, தலைவலியோட ஒருத்தி வந்தா. அவ பேரு இந்த லிஸ்ட்ல கடைசில இருக்கு."

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உக்காரும்மா. நீ சொல்றது சரியாவே இருக்கட்டும். டாக்டர்தான் பரப்பினாங்கன்னு வெளியில வந்தா நாளைக்கு எவன் ஆஸ்பத்திரிக்கு வருவான்? வீட்லயே கெடந்து சாவான். இத யோசிச்சியா?"

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. டாக்டர் யோசித்தாள்.

"ஜன்னல்ல டேப்ப ஒட்டிட்டுக் கைய மட்டும் கழுவினா இதேதான் மறுபடியும் நடக்கும் சார். அவங்க மேல பழியப் போட்டா யாரும் டேப்ப எடுக்க மாட்டாங்க. இன்னொரு வார்டுல இன்னொரு ஒன்பது பேர் உக்காருவாங்க."

"டேப்ப எடுக்கச் சொல்லி நானே உத்தரவு போடறேன். வார்டு டாக்டர் நீ, இதுல கையெழுத்துப் போடு."

"ஏமாந்தவங்க தலைல மிளகாய் அரைக்க எனக்குத் தெரியாது சார். எங்க மேஜைல உக்கார விடாததனால அவங்க அந்த எழுபது நிமிஷம் தப்பிச்சாங்க. துடைக்கக் கூப்பிட்டு நாங்கதான் கொடுத்தோம். கொடுத்துட்டு அவங்க கொடுத்தாங்கன்னு எழுதணுமா?"

"உன் வேலை போகும்மா."

"போகட்டும்."

டாக்டர் அன்றே தன் அறிக்கையை எழுதினாள். இரண்டு பக்கம். மேஜையின் படம், யார் எங்கே உட்கார்ந்தார்கள், யாருக்கு எந்த நாள் காய்ச்சல். கடைசி வரி: நோயை இந்த அறைக்குள் கொண்டுவந்தவள் நான். மேலிடத்துக்கு அனுப்பினாள். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று மறுநாள் கடிதம் வந்தது.

6

மின்னலை எப்படி எழுதுவது என்று எனக்குச் சந்தேகம். முதல் பிரதியில் அவளை அழவைத்தேன். டாக்டர் மன்னிப்புக் கேட்க, இருவரும் கைகளைப் பற்றிக்கொள்ள

["நான் போனப்ப அவங்க அழவே இல்லடா. என்னை வாசல்லயே நிக்க வச்சாங்க."]

வாசலில்தான் நிற்க வைத்தாள். நானும் கூட இருந்தேன். மின்னலுக்கு வேலை போய் இருபத்தெட்டு நாள் ஆகியிருந்தது. வீட்டுக்காரர் மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியிலேயே அவளால் ஒருத்தி செத்தாள் என்று தெருவெல்லாம் பேச்சு. தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க விடுவதில்லை. மூன்று தெரு தள்ளிப் போய் எடுத்து வருகிறாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

டாக்டர் நடந்ததையெல்லாம் சொன்னாள். "என்னை மன்னிச்சுடுங்கம்மா" என்றாள்.

மின்னல் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். "நான் அப்பவே சொன்னேன் டாக்டரம்மா, எனக்கு முன்னாடியே ஒரு நர்சம்மா இருமினாங்கன்னு. ஒருத்தரும் காதுல போட்டுக்கல. இப்ப எழுதி அனுப்பிட்டீங்க, சரி. அத யாரு படிப்பாங்க?"

"மேலிடத்துல."

"மேலிடமா எனக்குத் தண்ணி விடப்போவுது? மன்னிப்பெல்லாம் உங்க மனசு ஆறுறதுக்கு. எனக்கு வேணாம். அந்தக் காயிதத்த இங்க படிங்க. இந்தத் தெருவுல. எல்லாரும் இருக்கறப்ப, சத்தமா."

டாக்டர் தெருவைத் திரும்பிப் பார்த்தாள். மேலிடத்துக்கு எழுத வந்த தைரியம் வேறு, இது வேறு. அந்தத் தெருவில் பாதிப்பேர் அவளிடம் வைத்தியம் பார்த்தவர்கள்.

"எப்ப?" என்றாள்.

"நாளைக்குக் காலைல ஆறரைக்குத் தண்ணி வரும்."

7

முடிவுக்கு வந்துவிட்டோம். என்னிடம் மூன்று முடிவுகள் இருந்தன. ஒன்றில் டாக்டருக்கு வேலை திரும்பக் கிடைக்கிறது. விசாரணை இன்னும் முடியவில்லை, ஆகவே அது பொய். இன்னொன்றில் மின்னல் அந்த ஓய்வறை மேஜையில் நடுநாயகமாக உட்கார்ந்து சாப்பிடுகிறாள்.

["அவங்களுக்கு அந்த மேஜை எதுக்குடா? வேலை வேணும், வீடு வேணும், தண்ணி வேணும்."]

மூன்றாவது, நடந்தது. அதைச் சொல்கிறேன், ஆனால் கடைசிவரை சொல்ல மாட்டேன்.

ஆறரை மணிக்கு டாக்டர் குழாயடியில் நின்று இரண்டு பக்கத்தையும் படித்தாள். முதல் பக்கத்தில் ஒரு வரியில் நின்றுவிட்டாள். விட்ட வரியிலிருந்து மறுபடி படித்தாள். கடைசி வரியை யாரும் கேட்காமலேயே இரண்டு முறை படித்தாள். வரிசையில் நின்ற ஒரு அம்மாள், "அடிப்பாவி, நீதானா?" என்றாள். டாக்டர் "ஆமாம்மா, நான்தான்" என்றாள். ஒருவர் அவள் முன்னால் காறித் துப்பினார். அவள் நகரவில்லை.

மாடியிலிருந்து வீட்டுக்காரர் கேட்டார்: "அப்ப இந்தம்மா இங்க தண்ணி பிடிக்கலாங்கறீங்களா?"

"பிடிக்கலாம். நீங்க பிடிக்கக் கூடாதுன்னு சொன்னீங்களே, அன்னிக்கும் பிடிச்சிருக்கலாம். காய்ச்சல் விட்டு மூணு வாரத்துக்கு மேல ஆச்சு. அவங்க மூச்சுல ஒண்ணும் இல்ல. தண்ணில என்னிக்குமே இல்ல."

மின்னல் வீட்டுக்குள் போனாள். இரண்டு வாளியோடு வெளியே வந்தாள். குழாயை நோக்கி நடந்தாள்.

பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். மூன்றடி தள்ளித்தான் நின்றிருந்தேன். எழுத மாட்டேன். அவர்கள் வழிவிட்டார்கள் என்று எழுதினால், அப்பாடா என்று பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். விடவில்லை என்று எழுதினால், சே என்ன ஜனங்கள் என்று திட்டிவிட்டுப் புரட்டுவீர்கள். இரண்டிலும் நீங்கள் தப்பித்துவிடுகிறீர்கள். விடுவதாக இல்லை.

["மிரட்டறியேடா படிக்கறவங்கள."]

ஆமாம் அக்கா, மிரட்டத்தான் செய்கிறேன்.

வரிசையில் ஏழு பேர் நிற்கிறார்கள். எட்டாவது ஆள் நீங்கள். உங்கள் வீட்டில் சின்னக் குழந்தை உண்டு, வயதானவர்களும் உண்டு, பயம் நியாயமான பயம்தான். டாக்டர் படித்ததை முழுக்கக் கேட்டீர்கள். மின்னல் வந்து உங்கள் பக்கத்தில் நிற்கிறாள். "கொஞ்சம் நகருங்க" என்கிறாள்.