பதினைந்து வருடம் பிந்திக் கேட்கும் வீடு

விசில் வாத்தியாரின் வீட்டில் விளக்கைப் போடச் சொன்னால் அது எரியப் பதினைந்து வருடம் ஆகும். ஒரு நாள் முன்னேயும் இல்லை, ஒரு நாள் பின்னேயும் இல்லை. தெருவில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் புதிதாகக் குடிவருபவர்களிடம் குப்பை வண்டி வரும் நேரத்தைச் சொல்லிவிட்டு அடுத்ததாக இதைத்தான் சொல்வார். ஆனால் முதல் இரண்டு மாதம் விஷயம் யாருக்கும் பிடிபடவில்லை.

வாத்தியார் முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் கழுத்தில் விசில் இருப்பதுபோலவே நடப்பார். வீட்டில் அவர் பேசியதில் முக்கால்வாசி உத்தரவு. மீதிக் கால்வாசி, உத்தரவு ஏன் இன்னும் நிறைவேறவில்லை என்ற கேள்வி. மனைவி இறந்து ஒன்பது வருடம் ஆகிவிட்டது. ஒரே மகள் வீட்டை விட்டுப் போய்ப் பதினான்கு வருடம். ஒரு நாள் குளியலறையில் வழுக்கி விழுந்து, மதியம் வரை எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். மருந்துக்கடைக்காரர் கதவை உடைத்துத் தூக்கிவிட்டார். சேதி எப்படியோ மகளுக்கு எட்டியது. பத்தே நாளில் ஒரு பார்சல் வந்தது: பேச்சைக் கேட்டு வேலை செய்யும் ஸ்பீக்கர், ஆறு பல்பு, மூன்று ஃபேன் ஸ்விட்ச், திரைச்சீலைக்கு ஒரு மோட்டார், வாசல் கதவுக்கு ஒரு பூட்டு. கடிதம் எதுவும் இல்லை. அனுப்பியவர் பெயரைப் படித்துப் பார்த்தும் அவர் பார்சலைத் திருப்பி அனுப்பவில்லை. அந்தப் பதினான்கு வருடத்தில் அவர் காட்டிய பெரிய இளக்கம் அதுதான்.

எல்லாவற்றையும் மாட்டிக் கொடுக்க ஒரு சர்வீஸ் பெண் வந்தாள். நாற்பது வயது, தோளில் கனத்த பை, வாயில் எப்போதும் ஒரு ஸ்க்ரூ. அவள் போனதும் வாத்தியார் கூடத்தின் நடுவில் நின்று, நெஞ்சை நிமிர்த்தி, "ஹால் லைட்டப் போடு!" என்றார். ஸ்பீக்கர் "சரி" என்றது. விளக்கு எரியவில்லை. ஃபேனைப் போடச் சொன்னார். அதற்கும் சரி. சரி சொல்வதில் மட்டும் அதற்குத் தாமதமே கிடையாது. அந்த விஷயத்தில் அது எல்லா அலுவலகங்களையும் போலத்தான்.

ஆனால் வீடு சும்மாவும் இருக்கவில்லை. காலை ஐந்து மணிக்கு, யாரும் கேட்காமலேயே, மகள் படுத்திருந்த அறையின் விளக்கு பளீரென்று எரிந்தது. ஆறு மணிக்குச் சமையலறை விளக்கு. மத்தியானம் வாத்தியார் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருக்கும்போது ஃபேன் தானாகக் குறைந்தது. சாயங்காலம் திரைச்சீலை விலகியது. அவர் இழுத்து மூடினார். மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடியும் விலகியது. தெருவில் சிலர் பேய் என்றார்கள். சர்வீஸ் பெண் ஒத்துக்கொள்ளவில்லை. "பேயா இருந்தா ஹிஸ்டரியில வராது சார்" என்றாள்.

அவள் முறைப்படி எல்லாம் செய்து பார்த்தாள். ரவுட்டரை அணைத்துப் போட்டாள். வைஃபை கடவுச்சொல்லை மாற்றினாள். ஒரே பெயரில் இரண்டு பல்பு இருந்தால் குழம்பும் என்று ஒவ்வொன்றுக்கும் வேறு பெயர் வைத்தாள். ஸ்பீக்கரை ஃபிரிட்ஜ் பக்கத்திலிருந்து நகர்த்தினாள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து இணைத்தாள். தலைமை அலுவலகத்துக்கு எழுதினாள். இணைய வேகத்தைச் சரிபார்க்கவும் என்று பதில் வந்தது. நான்காவது முறை வந்தபோதுதான் வாத்தியாரின் ஃபோனில், நடந்த கட்டளைகளைக் காட்டும் ஹிஸ்டரியைத் திறந்து, தேதியை நிதானமாகப் படித்தாள். நாள் சரி, மாதம் சரி, மணி சரி. வருடம் மட்டும் பதினைந்து பின்னால் இருந்தது.

"பழுது ஒண்ணும் இல்ல சார். நீங்க சொல்றது போகுது. போய்ச் சேரத்தான் நேரமாகுது. இப்ப நடக்குறதெல்லாம் அப்ப சொன்னது."

வாத்தியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். காலை ஐந்து மணிக்கு நேராக: 'லைட்டப் போடு, எழுப்பி விடு அவள, கிரவுண்டுக்கு நேரமாச்சு.' அது அவரே சொன்னது. பக்கத்தில் அவர் பெயர் இருந்தது. மத்தியானத்துக்கு நேராக: 'ஏங்க, அந்த ஃபேனக் கொஞ்சம் குறைங்களேன், குளிருது.' சாயங்காலத்துக்கு நேராக: 'அந்தத் திரையக் கொஞ்சம் தள்ளி விடுங்களேன், காத்து வரட்டும்.' அவற்றின் பக்கத்தில் 'அடையாளம் தெரியாத குரல்' என்று போட்டிருந்தது. வாத்தியாருக்கு அடையாளம் தெரிந்தது. மனைவி அப்படிக் கேட்ட நாட்களில் அவர் பேப்பரில் விளையாட்டுப் பக்கம் படித்துக்கொண்டிருந்தார். ஃபேனும் திரையும் இருந்தபடியே இருந்தன. இப்போது அவள் சொன்னது நடந்துகொண்டிருக்கிறது. சர்வீஸ் பெண் எதிரில் இருக்கிறாள் என்றுகூடப் பாராமல் அவர் அழுதார்.

அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நடக்காத கட்டளைகளுக்கு இன்னொரு பட்டியல் இருப்பதாகவும், அது ரொம்ப நீளமாக இருப்பதால் மறைத்து வைத்திருப்பதாகவும், வேண்டுமானால் இந்த மூலையில் தொட்டால் வரும் என்றும் சொன்னாள். அவர் தலையாட்டினாரே தவிரத் தொடவில்லை.

கணக்கு மகள் பெயரில் இருந்ததால் சர்வீஸ் பெண் அவளுக்கும் விவரத்தைச் சொன்னாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகள் வந்து வாசலில் நின்றாள். வாத்தியார் பூட்டைக் கையால் திருகிக் கதவைத் திறந்தார். என்ன பேசுவதென்று இருவருக்குமே தெரியாததால் ஃபேனைப் பற்றிப் பேசினார்கள். பன்னிரண்டு மணிக்கு அது குறைந்தபோது மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வந்தாள். அம்மா சொல்லி நடக்கும் வேலைகளை இருவரும் கூடத்தில் உட்கார்ந்து பார்ப்பார்கள், மற்றவர்கள் டிவி பார்ப்பதுபோல.

மகள் போன கதையும் தெருவுக்குத் தெரியும். அவளை எட்டு வயதிலிருந்து ஓட வைத்தவர் வாத்தியார். எண்ணூறு மீட்டரில் அவளுக்கு எதிரே நிற்க அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. மாநில அணிக்கு ஆள் எடுக்கும் ஓட்டத்துக்கு முதல் நாள் அவள் வந்து, "எனக்கு ஓடப் பிடிக்கலப்பா. எப்பவுமே பிடிச்சதில்ல" என்றாள். நாய்களுக்கு முடி வெட்டிக் குளிப்பாட்டும் கடையில் வேலை கேட்டிருப்பதாகவும் சொன்னாள். வாத்தியாரால் அந்த நாய் விஷயத்தைத்தான் தாங்க முடியவில்லை. மைதானமே நடுங்கும் அந்தக் குரலில், "இனிமே இவ வந்தா இந்த வீட்டுக் கதவு திறக்கக் கூடாது!" என்றார்.

அவருக்கு முதலில் நினைவு வரவில்லை. மகளுக்கு வந்தது. "அப்பா, வர்ற மார்ச் ஒன்பதாம் தேதி என்ன நாள்னு தெரியுதா?" என்று ஒரு ஞாயிறு கேட்டாள். அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அன்றோடு அந்தக் கதவு உத்தரவுக்குப் பதினைந்து வருடம்.

அன்றே ஸ்பீக்கரின் முன்னால் போய் நின்று, "என் பொண்ணு வந்தா கதவத் திற" என்றார். சரி என்றது. அது பலிக்கும்போது அவருக்கு எண்பத்திரண்டு வயதாகும். அதனால் பூட்டைக் கழற்றினார்கள். தச்சர் வந்து பழைய தாழ்ப்பாளைப் போட்டார். பல்புகளை மாற்றினார்கள். ஸ்பீக்கரையே பிடுங்கி மருந்துக்கடையில் கொண்டுபோய் வைத்தார்கள். ஒன்றும் மாறவில்லை. சாதாரணத் தாழ்ப்பாளும் பழைய உத்தரவுப்படியே விழுந்தது, எழுந்தது. வீடு பேச்சுக் கேட்கக் கற்றுக்கொண்டுவிட்டது, இனி அதை மறக்கச் சொல்ல வேண்டுமானால் அந்தச் சொல்லும் வரிசையில்தான் நிற்கும் என்று சர்வீஸ் பெண் சொல்லிவிட்டாள். வந்து போனதற்குக் கட்டணம் வாங்கிக்கொள்ளவும் இல்லை.

"நீங்க எங்கூட வந்துடுங்கப்பா" என்றாள் மகள். "நாய்க்கு முடி வெட்டுற என் கடைக்கு மேல ரெண்டு ரூம் இருக்கு."

"உங்கம்மா இன்னும் அஞ்சு வருஷம் இங்க இருக்கா" என்றார் வாத்தியார். "அவளத் தனியா விட்டுட்டு எப்படி வர்றது?"

"நானும் இருக்கேன்ப்பா" என்றாள் மகள். அவர் திரைச்சீலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. மனைவி உயிரோடு இருந்தபோது அவர் அவள் பேச்சையே கேட்கவில்லை, இப்போதுதான் கேட்க ஆரம்பித்திருந்தார்.

மார்ச் ஒன்பதாம் தேதி மகள் கடையை அடைத்துவிட்டு வந்தாள். ஆறு மணி வரை உள்ளே இருந்தாள். பிறகு அவர் காலைத் தொட்டுவிட்டு வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தாள். மருந்துக்கடையிலும் நாலு பேர் நின்று பார்த்தார்கள். ஆறு பத்துக்குத் தாழ்ப்பாள் விழுந்தது. சத்தம் சின்னதுதான். அவள் வெளியிலிருந்து கதவைத் தள்ளிப் பார்த்தாள். சுவரைத் தள்ளுவதுபோல இருந்தது.

வாத்தியார் நாற்காலியில் ஃபோனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பட்டியலில் அவர் சொன்னது வந்து நின்றது, அவர் பெயரோடு. நிறைவேற்றப்பட்டது. அன்றைக்கு அதற்கப்புறம் மனைவி என்ன சொன்னாள் என்று யோசித்தார். ஞாபகம் இல்லை. ஏதோ சொன்னாள். அப்போதுதான் அவர் விரல் சர்வீஸ் பெண் காட்டிய அந்த மூலையைத் தொட்டது.

ஆறு பதினொன்று: 'ஏங்க, அப்படிச் சொல்லாதீங்க.' அடையாளம் தெரியாத குரல். இதற்கான சாதனம் எதுவும் இணைக்கப்படவில்லை.

அவர் மேலே தள்ளிக்கொண்டே போனார். பட்டியல் முடியவில்லை. 'ஏங்க, அவளை இன்னிக்கு ஒரு நாள் தூங்க விடுங்களேன்.' சாதனம் இல்லை. 'கொஞ்சம் பக்கத்துல உக்காருங்களேன்.' சாதனம் இல்லை. 'வாசல் வரைக்கும் நடந்துட்டு வரலாம், வர்றீங்களா?' சாதனம் இல்லை. விளக்கும் ஃபேனும் திரையும் செய்யக்கூடியவை நடந்த பட்டியலில் இருந்தன. இங்கே இருந்தவை எல்லாம் ஒரு மனுஷன் செய்ய வேண்டியவை. ஒரு வருட காலமாக அவர் மனைவியோடு வாழ்ந்ததாக நினைத்துக்கொண்டிருந்தார். அவள் கேட்டதில் சின்னதையெல்லாம் வீடு செய்துகொடுக்க, அவர் உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கிறார். அந்த வெட்கம் அவரை எரித்தது.

ஃபோன் லேசாக ஒலித்தது. ஆறு இருபத்தாறு: 'போய்க் கூட்டிட்டு வாங்க. பஸ் ஸ்டாப்புலதான் நிப்பா.' சாதனம் இல்லை. ஆறு முப்பத்தொன்று: 'உங்களத்தான். எழுந்து போங்களேன்.' அன்றைக்கு இதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். இதே பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாத்தியார் எழுந்தார். மாத்திரை டப்பாவை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். செருப்பை மாட்டினார். தாழ்ப்பாள் அவர் கைக்கு எழுந்தது. அவர் வெளியே போகக் கூடாது என்று அந்த வீட்டில் யாரும் என்றும் சொன்னதில்லை. படியில் இருந்த மகள் திரும்பிப் பார்ப்பதற்குள் கதவு அவருக்குப் பின்னால் சாத்திக்கொண்டது. இருவரும் தெருவில் இறங்கி நடந்தார்கள். ஆறு நாற்பத்து நாலுக்கு ஃபோன் மறுபடி ஒலித்தது: 'பஸ் வந்துடும்ங்க.'

"இதோ போயிட்டுதான் இருக்கேன்" என்றார் வாத்தியார், ஃபோனைப் பார்த்து.

அந்த வீடு இப்போது பூட்டிக் கிடக்கிறது என்று சொல்ல முடியாது. ஆறு மணிக்குச் சமையலறை விளக்கு எரிகிறது, மத்தியானம் ஃபேன் குறைகிறது, சாயங்காலம் திரை விலகுகிறது. தெருவில் பாதிப் பேர் கடிகாரத்தை அதை வைத்துத்தான் சரிசெய்கிறார்கள். "டீச்சரம்மா திரையத் தள்ளிட்டாங்க, மணி அஞ்சரை" என்பார் மருந்துக்கடைக்காரர். அவள் டீச்சர் இல்லை, வாத்தியார் மனைவி என்பதால் அந்தப் பட்டம். மூன்று வருடம் ஓடிவிட்டது; 'கதவத் திற' என்று வாத்தியார் சொன்னது பலித்து மகள் உள்ளே போக இன்னும் பன்னிரண்டு வருடம் இருக்கிறது.

வாத்தியார் கடைக்கு மேலே இருக்கிறார். நாய்கள் அவர் சொன்னால் சொன்ன மாத்திரத்தில் உட்கார்ந்துவிடுகின்றன; அதில் அவருக்கு ஒரு பெருமை. காலையில் எழுந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நடக்காத பட்டியலை மட்டும் திறப்பார். நாள் முழுக்க அதிலேயே போய்விடும். தலையைத் துவட்டச் சொன்னால் துவட்டுவார். காலை நீட்டி உட்காராதீங்க என்றால் மடக்கிக்கொள்வார். போன வாரம் மகள் ஒரு நாய்க்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தபோது, அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கி வந்தார்.

"எங்கப்பா, இந்த வெயில்ல?"

"உங்கம்மா உப்பு வாங்கிட்டு வரச் சொல்லியிருக்கா. வீட்டுல சுத்தமா இல்லையாம்."

மாடியில் இரண்டு பாக்கெட் உப்பு பிரிக்காமல் இருந்தது. மகள் கையைத் துடைத்துக்கொண்டு, ஆணியில் மாட்டியிருந்த துணிப்பையை எடுத்துக் கொடுத்தாள். "ஒரு கிலோ வாங்குங்கப்பா, அம்மாவுக்கு அப்பதான் பத்தும்" என்றாள்.