தாளக்குட்டியின் தலை

ட்ரம்ஸ்காரருக்குத் தன் மகளை நினைத்தாலே தலைகால் புரியாது. நாலு வயசுப் பெண். உட்கார்ந்தால் போதும், தலை முன்னும் பின்னும் ஆடும். பாட்டே வேண்டாம். "உள்ளுக்குள்ள தாளம் ஓடுது. என் ரத்தம்யா!" என்று இசைக்குழு முழுக்கப் பீற்றிக்கொண்டார். தாளக்குட்டி என்று பேரும் வைத்தாயிற்று. ஒத்திகையில் அவளை ஸ்பீக்கர் மேல் உட்காரவைத்து, அவள் தலையைப் பார்த்துப் பார்த்து இவரே அடித்துவிட்டு, "பார்த்தியா, ஒரு அடி தப்பலை" என்பார். என்ன பெருமை, என்ன பெருமை!

மனைவிக்கு மட்டும் உறுத்தியது. "ஏங்க, சாப்பிடறப்பவும் ஆடுது. தூங்கினாத்தான் நிக்குது. டாக்டர்கிட்ட காட்டிரலாமே?"

"உனக்கென்னடி தெரியும் சங்கீதத்தைப் பத்தி?"

குழந்தை கதவில் முட்டிக்கொண்டது. "வித்வான் பாதையைப் பார்த்தா நடப்பான்?" என்று சிரித்தார். அந்த வாயிலேயே ஒன்று போட்டிருக்க வேண்டும்.

ஒருநாள் காலடியில் கிடந்த பந்தை அவள் தரையைத் தடவித் தேடினாள். மனைவி அதற்குமேல் யாரையும் கேட்கவில்லை. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

ஸ்கேன் படத்தைக் காட்டி அறுவை மருத்துவர் சொன்னார். "பிறவியிலேயே மூளை நடுவுல ஒரு நீர்ப்பை. அது பெருசாகி அழுத்துறதாலதான் தலை ஆடுது. கண் நரம்பும் நசுங்கியிருக்கு. சின்னதா ஓட்டை போட்டு, குழாய் விட்டு, பையைத் திறந்துவிடுவோம். தண்ணி வடிஞ்சிரும். ஆட்டம் நிக்கும். போன பார்வை திரும்புமான்னு சொல்ல முடியாது. கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம்."

பின்னாலேயே வந்து சேர்ந்திருந்த ட்ரம்ஸ்காரரை மனைவி திரும்பிப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கட்டுப் போட்ட தலை தலையணையில் அசையாமல் கிடந்தது. பார்வை மட்டும் திரும்பவில்லை. வெளிச்சம் தெரிகிறது, ஆள் தெரியவில்லை. ட்ரம்ஸ்காரர் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தார். பாழாய்ப்போன பழக்கம், விரல்கள் அவரையும் அறியாமல் கட்டில் கம்பியில் தட்டின.

"அப்பாவா?" என்றாள் குழந்தை, அவர் இல்லாத பக்கம் திரும்பி. "இப்பவும் ஆட்டணுமா?"

அவர் விரல்கள் நின்றுபோயின. வேண்டாம் என்று வாயில் வருவதற்குள் அவள் ஆட்டத் தொடங்கிவிட்டாள். வலியில் முகம் சுளித்தபடி, அப்பா சந்தோஷப்படட்டும் என்று, மெதுவாக.

"தட்டுங்களேன்" என்றாள் மனைவி. "ஏன் நிறுத்திட்டீங்க?"

குழந்தையின் தலை ஆடிக்கொண்டிருந்தது. ஒரு அசைவுகூடத் தாளத்தில் விழவில்லை.