உள்ளேன் மிஸ்

என் தங்கை பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தபோதே ஆப்சென்ட் ஆனவள். பத்தாம் வகுப்பு. காலையில் பெயர் கூப்பிட்டால் "உள்ளேன் மிஸ்" என்று சொல்ல வேண்டும். அவளுக்குத் திக்குவாய். "உ... உ..." என்று நிற்பாள். உடனே பின்பெஞ்சிலிருந்து "கூஊஊ" என்று ரயில் கிளம்பும். மொத்த வகுப்பும் பெட்டிகளாகக் கோத்துக்கொள்ளும். அவளுக்கு வைத்த பட்டப்பெயர் கூட்ஸ் வண்டி.

அதனால் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டாள். வகுப்பாசிரியை தலை நிமிராமல் ஆப்சென்ட் போட்டார். போனாலும் ஆப்சென்ட், போகாவிட்டாலும் ஆப்சென்ட். அப்புறம் அந்த வகுப்புக்குப் போவானேன் என்று இவள் பஸ் நிலையத்தில் மாலைவரை உட்கார்ந்துவிட்டு வர ஆரம்பித்தாள். பரீட்சை எழுத விடமாட்டோம் என்று பள்ளியிலிருந்து போன் வந்தபிறகுதான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது.

அம்மாவுக்குத் தையல் கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. நான் போனேன். கல்லூரிக்கு மட்டம் போடுவது எனக்குப் புதிதல்ல.

"இனிமே ஒரு நாள் வரலேன்னாலும் ஹால் டிக்கெட் கிடையாது தம்பி" என்றார் வகுப்பாசிரியை.

"வந்த நாளுக்கும் ஆப்சென்ட் போட்டிருக்கீங்களே மிஸ்?"

"அவ உள்ளேன்னு சொல்லலையேப்பா."

"உள்ளதானே இருந்தா?"

"இருந்தா போதுமா? சொல்லணும்ல!"

தத்துவத்தில் இது பெரிய கேள்வி. நான் படிப்பது வணிகவியல்.

"சொன்னா பசங்க கூவுறாங்க மிஸ்."

"நிமிர்ந்து பாத்தா அத்தனையும் பச்சப்புள்ள மாதிரி உக்காந்திருக்கு. யாருன்னு பிடிக்கிறது?"

"பேசாம கை தூக்கச் சொல்லுங்களேன்."

"அவளை மட்டும் தூக்கச் சொன்னா அதுக்கும் சிரிப்பானுங்க."

"எல்லாரையும்தான் மிஸ். கிளாஸும் அமைதியா இருக்கும்."

அமைதி என்ற சொல் அவர் காதில் விழுந்து வருடக்கணக்காகியிருக்கும் போல. "நாளைக்கே செஞ்சிரலாம். அனுப்பி வைப்பா" என்றார்.

மறுநாள் மாலை வந்தவள், தோளிலிருந்து பையைக்கூட இறக்காமல் ஆரம்பித்தாள். பெயர் கூப்பிட்டதும் கை தூக்கினாளாம். பழக்கதோஷத்தில் பின்பெஞ்சுக்காரன் "கூ" என்றானாம். அந்த அமைதியில் ஒரு பெட்டியும் கோத்துக்கொள்ளவில்லை. எஞ்சின் மட்டும் தனியாக நின்றது. மிஸ் எழுந்து போய்க் கையோடு பிடித்துத் தலைமையாசிரியர் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனாராம்.

சொல்லி முடிக்க வெகுநேரமானது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து முழுதும் கேட்டாள்.

"நாளைக்குப் போவியா?" என்றேன்.

"போ... போவேன். நீ இன்னிக்குக் காலேஜ் போனியா?"

இரண்டாவது வாக்கியத்தில் ஒரு திக்கல்கூட இல்லை.